மலை மிதிவண்டிக் கைப்பிடி அமைப்பு

மலை மிதிவண்டிக் கைப்பிடி அமைப்பு என்பது, ஒரு மலை மிதிவண்டியின் கைப்பிடிச் சட்டத்தையும், அதனை முன்கவையுடன் பிணைக்கும் கழுத்துத்தண்டையும் ஓட்டுநரின் உடலளவுக்கும் பாதையின் தன்மைக்கும் பொருந்துமாறு சரிசெய்து வைக்கும் முறை ஆகும். கைப்பிடியின் உயரம், அகலம், அது ஓட்டுநருக்கு எவ்வளவு எட்டத்தில் உள்ளது, எந்தக் கோணத்தில் சுழற்றி இறுக்கப்பட்டுள்ளது ஆகிய நான்கும் இதில் அடங்கும். இந்நான்கில் எதை மாற்றினாலும், வண்டி திரும்பும் விதமும் முன்சக்கரத்தின் மீது விழும் எடையும் மாறுகின்றன.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வது பற்றிப் பலரும் அறிந்துள்ளனர். கைப்பிடியோ கடையில் பூட்டித் தந்தவாறே வண்டியின் ஆயுள் முழுதும் இருந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. அரக்கோணம் போன்ற சமவெளி ஊர்களில், வீட்டிலிருந்து தொடருந்து நிலையம் வரை சென்று வருவோருக்கு இதனால் பெரிய இடர் எதுவும் இல்லை. அதே வண்டியுடன் ஏலகிரி, சவ்வாது மலை போன்ற இடங்களுக்குச் சென்று கீழிறங்கும்போதுதான் கைப்பிடி அமைப்பின் குறைகள் வெளிப்படுகின்றன.

பெயர்களும் பகுதிகளும்

கைப்பிடிச் சட்டம் பேச்சுவழக்கில் ஹேண்டில்பார் எனப்படும். இலங்கையில் ஹாண்டில் என்று மட்டும் சொல்வதும் உண்டு. இச்சட்டத்தைத் தாங்கும் குறுகிய தண்டு கடைகளில் ஸ்டெம் என்றே கேட்டு வாங்கப்படுகின்றது. இக்கட்டுரையில் அது கழுத்துத்தண்டு எனக் குறிக்கப்படுகின்றது. முன்சக்கரத்தை இரு புறமும் பற்றியிருக்கும் பகுதி முன்கவை, அதாவது ஃபோர்க். முன்கவையின் மேல்நுனியிலிருந்து எழும் குழாய், சட்டகத்தின் தலைக்குழல் வழியே மேலேறிக் கழுத்துத்தண்டைச் சந்திக்கின்றது. இதனைத் திருப்புக்குழல் எனலாம். தலைக்குழலின் மேலும் கீழும் கிண்ணங்களும், பால்ரஸ் என்று கடைக்காரர்கள் அழைக்கும் எஃகுக் குண்டுகளும் உள்ளன. கைப்பிடி தடையின்றித் திரும்புவது இவற்றால்தான்.

அளவுகளில் சில இன்று உலகெங்கும் பொதுவானவை. கைப்பிடிச் சட்டத்தின் இரு முனைகளிலும், அதாவது ரப்பர் உறை ஏறும் இடத்தில், விட்டம் 22.2 மி.மீ. ஆகும். நடுப்பகுதியின் விட்டம் பழைய வண்டிகளிலும் விலை குறைந்த வண்டிகளிலும் 25.4 மி.மீ., தற்காலத்தில் பரவலாக 31.8 மி.மீ., சில உயர்வகைகளில் 35 மி.மீ. எனக் காணப்படும். 25.4 மி.மீ. சட்டத்தை 31.8 மி.மீ. கழுத்துத்தண்டில் தகட்டுத் துண்டு செருகி இறுக்குவதைச் சில கடைகளில் காணலாம். அதற்கெனச் செய்யப்பட்ட இடைவளையம் இல்லாமல் இவ்வாறு செய்வது ஆபத்தானது.

வரலாறு

தமிழ்நாட்டில் நீண்ட காலம் மிதிவண்டி என்றாலே பொருள்பட்டது கறுப்பு நிற ரோட்ஸ்டர் வகை வண்டியே. பிரித்தானிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் வண்டிகளை உற்பத்தி செய்தது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடருந்து 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற பாதையில்தான் அம்பத்தூரும் அரக்கோணமும் அமைந்துள்ளன.

ரோட்ஸ்டர் வண்டியில் கைப்பிடிச் சட்டமும் கழுத்துத்தண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே உறுப்பாக இருக்கும். கம்பிவடத்துக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக் அதனுடன் பிணைந்திருக்கும். ஆகவே அதில் மாற்றக்கூடியது உயரம் ஒன்றுதான். உயரத்தை மாற்றினால் பிரேக் கம்பியின் நீளத்தையும் உடனே சரிசெய்ய வேண்டும். இல்லையெனில் பிரேக் கட்டை சக்கர வளையத்தை எப்போதும் உரசிக்கொண்டிருக்கும், அல்லது எட்டவே எட்டாது. கைப்பிடியைத் தொடாமல் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு இந்த ரோட்ஸ்டர் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலை மிதிவண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் மாவட்டத்திலுள்ள டமால்பைசு மலைப் பகுதியில் 1970களில் உருவானது. பழைய, கனத்த, அகன்ற டயர் கொண்ட வண்டிகளை மலைமேல் கொண்டுசென்று மண்பாதையில் வேகமாக இறங்குவது அங்கிருந்த இளைஞர்களின் பொழுதுபோக்கு. 1976 அக்டோபர் 21 அன்று நடந்த முதல் போட்டியும் அது நடந்த பாதையும் ரீபேக் எனப் பெயர்பெற்றன. பின்சக்கர அச்சிலிருந்த பிரேக் சூடேறி அதனுள் இருந்த மசகு எரிந்துபோனதால், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் புது மசகை அடைக்க வேண்டியிருந்தது. பெயரின் பொருள் அதுவே. இவர்கள் அகன்ற கைப்பிடிகளையும் விசையுந்துகளின் பிரேக் நெம்புகோல்களையும் தம் வண்டிகளில் பொருத்தினர். ஜோ பிரீசு 1977இல் இத்தேவைக்கென்றே தனிச் சட்டகம் ஒன்றைக் கட்டினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் டாம் ரிட்ச்சி கட்டிய சட்டகங்களைக் கொண்டு 1979இல் மலை மிதிவண்டி விற்பனையைத் தொடங்கினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

இதில் ஒரு வியப்பு உள்ளது. அகன்ற கைப்பிடியுடன் தொடங்கிய இவ்விளையாட்டு, 1980களின் இறுதியிலும் 1990களிலும் சாலைப் போட்டி வண்டிகளைப் பின்பற்றி, 560 முதல் 600 மி.மீ. வரையான குறுகிய கைப்பிடிக்கும் 120 மி.மீ.க்கும் மேற்பட்ட நீண்ட கழுத்துத்தண்டுக்கும் மாறியது. ஏற்றத்தில் உடலைத் தாழ்த்தி முன்னோக்கிச் சாய்வது அன்றைய நோக்கமாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் கேரி ஃபிஷரின் நிறுவனம் சட்டகத்தை நீட்டிக் கழுத்துத்தண்டைக் குறைக்கும் வடிவத்தை முன்வைத்தது. அதன்பின் மெதுவாகத் திசை மாறியது. இன்று பாதை வகை மலை வண்டிகளில் 740 முதல் 800 மி.மீ. அகலமும் 35 முதல் 50 மி.மீ. நீளக் கழுத்துத்தண்டும் இயல்பானவை. நெடுந்தொலைவுப் போட்டி வண்டிகளில் தண்டின் நீளம் 60 முதல் 80 மி.மீ. வரை இருக்கும்.

வண்டி எவ்வாறு திரும்புகின்றது

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் முன்சக்கரம், தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்வதைக் காணலாம். அதன் சக்கரம் சுழலச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதே காரணம். மிதிவண்டியிலும் இதுவே நிகழ்கின்றது. திருப்புக்குழலின் நடுக்கோட்டை நேராகக் கீழே நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பின்னிழுவைத் தொலைவு எனலாம். இது அதிகமாக இருந்தால் வண்டி நேர்கோட்டில் நிலையாக ஓடும், மெல்லத் திரும்பும். குறைவாக இருந்தால் விரைவாகத் திரும்பும், வேகத்தில் நடுங்கும்.

சக்கரத்தின் ஆரம், தலைக்குழலின் சாய்வு, முன்கவையின் முன்வளைவு ஆகிய மூன்றும் இத்தொலைவைத் தீர்மானிக்கின்றன. 330 மி.மீ. ஆரமுள்ள சக்கரமும் 71 பாகைத் தலைக்கோணமும் 38 மி.மீ. முன்வளைவும் கொண்ட 26 அங்குல வண்டியில் இது ஏறத்தாழ 73 மி.மீ. ஆகின்றது. 370 மி.மீ. ஆரமும் 66 பாகைத் தலைக்கோணமும் 44 மி.மீ. முன்வளைவும் கொண்ட தற்கால 29 அங்குல மலை வண்டியில் ஏறத்தாழ 117 மி.மீ. ஆகின்றது. இரண்டாவது வண்டிக்கு அகன்ற கைப்பிடி தேவைப்படுவதன் காரணம் இங்கே உள்ளது. முன்சக்கரம் நேராக நிற்க முயலும் விசை அதில் மிகுதி. அதனை மீறித் திருப்புவதற்கு நீண்ட நெம்புகோல் வேண்டும்.

மிதிவண்டி சாயாமல் நிற்பதற்குப் பின்னிழுவை மட்டுமே காரணம் என்றோ, சக்கரங்களின் சுழற்சி மட்டுமே காரணம் என்றோ பாடநூல்களில் எழுதப்படுவது உண்டு. டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், இவ்விரண்டும் இல்லாத ஒரு சோதனை வண்டியும் தானாக நிமிர்ந்து ஓடக்கூடும் எனக் காட்டினர். எடை எங்கு அமைந்துள்ளது என்பதும் முக்கியமானது. கைப்பிடியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வண்டியின் இயல்பை மாற்றுவது பெரும்பாலும் இந்த எடைப் பகிர்வின் வழியாகவே.

கைப்பிடியின் பாதி அகலமே நெம்புகோலின் நீளம். 560 மி.மீ. கைப்பிடியில் அது 280 மி.மீ., 760 மி.மீ. கைப்பிடியில் 380 மி.மீ. ஆகும். எனவே அதே கைவிசைக்கு, அகன்ற கைப்பிடி 36 விழுக்காடு மிகுதியான திருப்புவிசையைத் தருகின்றது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதித் திரும்ப முயலும்போதும் இந்தக் கணக்கு ஓட்டுநருக்கு ஆதரவாகவே அமையும்.

அகலம்

அகலமே நல்லது என்றால் எல்லோரும் 800 மி.மீ. கைப்பிடியைப் பொருத்திக்கொள்ளலாமே என்ற கேள்வி எழும். தோள் குறுகியவர் அவ்வாறு செய்தால் கைகள் முழுதும் நீண்டு, முழங்கை மடிய இடமின்றிப் போகும். மடிந்த முழங்கைதான் குலுக்கலை உள்வாங்குகின்றது. தரையில் குப்புறப் படுத்துத் தண்டால் எடுப்பவர் இயல்பாக எவ்வளவு அகலத்தில் கைகளை ஊன்றுகின்றாரோ, அதனை ஒரு தொடக்க அளவாகக் கொள்ளலாம்.

நம் ஊர்ச் சாலைகளுக்கென ஒரு கருத்தும் உண்டு. அரக்கோணம் கடைத்தெருவிலோ வேலூர், ஆம்பூர் நகரச் சாலைகளிலோ பேருந்துக்கும் தள்ளுவண்டிக்கும் இடையே புகுந்து செல்வோருக்கு 780 மி.மீ. கைப்பிடி தொல்லையே தரும். வாரம் முழுதும் ஊரிலும் மாதத்தில் ஒரு நாள் மலையிலும் ஓட்டுபவருக்கு 680 முதல் 720 மி.மீ. வரை பொருத்தமானது எனலாம்.

கைப்பிடியை அறுத்துக் குறைக்கலாம், ஆனால் வளர்க்க முடியாது. எனவே முதலில் ரப்பர் உறைகளையும் நெம்புகோல்களையும் உள்நோக்கி நகர்த்தி வைத்துச் சில நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே அறுக்க வேண்டும். இரு புறமும் சமமாக, ஒரு புறத்துக்கு 10 மி.மீ.க்கு மேற்படாமல் அறுப்பது நல்லது. அறுத்த முனைகளை அடைப்பான் கொண்டு மூட வேண்டும். சிறுவர்கள் வண்டியுடன் விழும்போது கைப்பிடியின் திறந்த குழல்முனை வயிற்றில் குத்துவதால் கல்லீரல், மண்ணீரல் ஆகிய உறுப்புகள் காயமடைவது குழந்தை மருத்துவத்தில் நன்கறியப்பட்ட விபத்து வகை ஆகும். வெளியே தோலில் ஒரு சிறு வட்டத் தடம் மட்டுமே தெரியும், உள்ளே குருதிப்போக்கு இருக்கும். அவ்வாறு விழுந்த சிறுவர் வயிற்றுவலி என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்கக் கூடாது. ரப்பர் உறையின் முனை தேய்ந்து குழல் வெளியே தெரியும் வண்டிகள் பள்ளி வாசல்களில் ஏராளம். புதிய உறையின் விலையோ மிகச் சிறிது.

கழுத்துத்தண்டின் நீளம்

தண்டு நீண்டால் உடல் முன்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரத்தில் எடை கூடும். குறுகினால் எடை பின்னோக்கிச் செல்லும். இத்துடன் கை அசையும் விதமும் மாறும். நீண்ட தண்டில் கைப்பிடியைத் திருப்பும்போது கைகள் பக்கவாட்டில் வீசுகின்றன. குறுகிய தண்டில் ஒரு கை முன்னும் மறு கை பின்னும் செல்கின்றன. பின்னது உடலுக்கு இயல்பானது, விரைவானது.

கைப்பிடியை அகலமாக்கினால் கைகள் விரிந்து உடல் முன்னுக்கு இழுபடும். அதனைச் சமன்செய்ய, அகலத்தில் 20 மி.மீ. கூட்டினால் தண்டில் ஏறத்தாழ 10 மி.மீ. குறைப்பது பொதுவான நடைமுறை. ஆயினும் 1990களின் வடிவிலான குட்டைச் சட்டகத்தில் 35 மி.மீ. தண்டைப் பொருத்துவது பயன் தராது. முழங்கால் கைப்பிடியில் இடிக்கும், ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பும். பழைய வண்டியில் 130 மி.மீ. தண்டு இருந்தால் 80 அல்லது 90 மி.மீ. வரை குறைப்பதே போதுமானது.

உயரம்

சமவெளியில் கைப்பிடி இருக்கையை விட உயர்ந்திருந்தால் முதுகுக்கு இதமாக இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அதே உயரம் முன்சக்கரத்தை இலேசாக்கி, வண்டி இடமும் வலமும் அலையச் செய்யும். இறக்கத்திலோ உயர்ந்த கைப்பிடி தலைகுப்புற விழும் அச்சத்தைக் குறைக்கின்றது. அளவு மீறினால் வளைவில் முன்டயர் பிடிமானம் இழந்து சறுக்கும். எனவே இருக்கை மட்டத்திலோ, அதற்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலோ கீழோ கைப்பிடியை வைத்துத் தொடங்கிப் பின்னர் ஐந்தைந்து மி.மீ. ஆக மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

தலைக்குழல் சாய்ந்திருப்பதால், கைப்பிடியை உயர்த்தும்போது அது பின்னோக்கியும் வருகின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 70 பாகைத் தலைக்கோணத்தில் 10 மி.மீ. இடைவளையம் ஒன்றைச் சேர்த்தால், கைப்பிடி 9.4 மி.மீ. உயர்ந்து 3.4 மி.மீ. பின்னால் வரும். மூன்று வளையங்கள் சேர்த்தால் தண்டை ஒரு செ.மீ. குறைத்ததற்கு நிகராகிவிடும்.

ஏலகிரி மலைப்பாதை

அரக்கோணத்திலிருந்து தொடருந்தில் ஏறத்தாழ 145 கி.மீ. மேற்கே சோலையார்பேட்டை உள்ளது. அதற்கு அருகிலுள்ள பொன்னேரியிலிருந்து ஏலகிரி மலைக்குப் பாதை செல்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீ. உயரமுள்ள இம்மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்திலும் அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கின.

இது தார்ச்சாலையே ஆயினும், கைப்பிடி அமைப்பைச் சோதிக்க ஏற்ற இடமாகும். ஏறும்போது நீண்ட நேரம் அமர்ந்தே மிதிக்க வேண்டியுள்ளது. கைப்பிடி மிக உயரமாக இருந்தால் வளைவின் உட்பக்கச் செங்குத்தில் முன்சக்கரம் கோட்டை விட்டு விலகும். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பிரேக் பிடிப்பதால் உடல் எடை முழுதும் உள்ளங்கைகளுக்கு வருகின்றது. இறுக்கம் குறைந்த கைப்பிடி கழுத்துத்தண்டுக்குள் சுழல்வது பெரும்பாலும் இந்நேரத்தில்தான். சுழன்றால் பிரேக் நெம்புகோல் கீழே போய்விடும், விரல்கள் அதைத் தேடும், வண்டி வளைவின் வெளிவிளிம்பை நோக்கிச் செல்லும். மேலிருந்து வரும் பேருந்தும் கீழிருந்து வரும் பேருந்தும் அவ்வளைவைப் பயன்படுத்துகின்றன என்பதை மறக்கலாகாது. இறங்கத் தொடங்குமுன் மலைமேலேயே வண்டியை நிறுத்தி, கீழே கூறப்படும் இரு சோதனைகளையும் செய்து பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும்.

சுழற்சிக் கோணமும் நெம்புகோல்களும்

மலை வண்டிக் கைப்பிடி நேரான குழாய் போலத் தோன்றினாலும், முனைகள் பொதுவாக 5 முதல் 9 பாகை வரை பின்னோக்கியும், சில பாகை மேல்நோக்கியும் வளைந்திருக்கும். சட்டத்தைச் சற்று முன்னோ பின்னோ சுழற்றினால் மணிக்கட்டின் நிலை மாறும். முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் நிலையே சரியானது.

பிரேக் நெம்புகோல் தரைக்கு இணையாக இருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடியும், செங்குத்தாக இருந்தால் நின்றபடி இறங்கும்போது கை எட்டாது. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வு பொருந்தும். ஆட்காட்டி விரல் நெம்புகோலின் நுனிக் கொக்கியில் படியுமாறு நெம்புகோலை உள்நோக்கி நகர்த்த வேண்டும். நுனியில் இழுத்தால் குறைந்த விசையே போதும். நீண்ட நேரம் ஓட்டியபின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளிப்புறத்தே செல்லும் அல்னர் நரம்பு அழுத்தப்படுகின்றது என்று பொருள். கையுறை வாங்குமுன் கைப்பிடியை உயர்த்திப் பார்ப்பதும் சுழற்றிப் பார்ப்பதும் நல்லது.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் கைப்பிடிக்கு உறையாகாதா எனச் சிலர் நினைக்கக் கூடும். தோல் நாடா சுற்றுவது பழைய சாலை வண்டிகளில் இருந்துவரும் வழக்கமே. மலை வண்டியில் உறை வழுக்காமல் இறுகப் பற்றியிருக்க வேண்டியதால், இரு முனைகளிலும் திருகு வைத்த ரப்பர் உறையே மேலானது. வேலூர் வட்டாரக் கோடையில் வியர்வையின் உப்பு உறைக்குள் புகுந்து எஃகுக் கைப்பிடியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை உறையைக் கழற்றித் துடைப்பது பயன் தரும். சோப்பு நீர் விட்டு உறையை ஏற்றுபவர்கள், அந்நீர் முற்றிலும் உலரும்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

சரிசெய்யும் முறை

கழுத்துத்தண்டு இரு வகைப்படும். பழைய வகையில், தண்டின் கீழ்ப்பகுதி திருப்புக்குழலுக்குள் செருகப்பட்டு, ஆப்பு ஒன்றால் உள்ளிருந்து இறுக்கப்படும். ரோட்ஸ்டர்களிலும் விலை குறைந்த மலை வகை வண்டிகளிலும் இதுவே உள்ளது. தண்டின் உச்சியிலுள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் உள்ளேயுள்ள ஆப்பு விடுபடும். போல்ட்டைத் தளர்த்தியும் தண்டு அசையவில்லையே என்று கைப்பிடியைப் பிடித்து முறுக்குவோர் இந்தத் தட்டுதலைத் தவறவிடுகின்றனர். பின்னர் வேண்டிய உயரத்தில் வைத்து, முன்சக்கரத்துடன் நேராக்கி இறுக்க வேண்டும்.

இவ்வகைத் தண்டில் ஒரு கோடோ வரிசையான கோடுகளோ பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமாறு தண்டை உயர்த்தவே கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதியின்படி இக்கோடு தண்டின் அடியிலிருந்து அதன் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். 22.2 மி.மீ. தண்டுக்கு இது ஏறத்தாழ 55 மி.மீ. ஆகும். வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு வண்டி சிறிதாகிவிட்டதென்று தண்டைக் கோட்டுக்கு மேல் இழுத்து வைப்பது வழக்கமாகக் காணப்படும் தவறு. குறைந்த ஆழத்தில் பற்றியிருக்கும் தண்டு, பள்ளத்தில் இறங்கும் ஒரு குலுக்கலில் கையோடு வந்துவிடும் அல்லது திருப்புக்குழலைப் பிளந்துவிடும்.

புதிய வகை 1990களின் தொடக்கத்தில் பரவியது. இதில் மரையில்லாத திருப்புக்குழல் தலைக்குழலுக்கு மேலே நீண்டிருக்கும். கழுத்துத்தண்டு அதனை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். பெரும்பாலும் கவ்வும் இடத்தின் விட்டம் 28.6 மி.மீ. ஆகும். உச்சியில் ஒரு மூடியும் அதன் நடுவே ஒரு போல்ட்டும் இருக்கும். இந்த போல்ட் கைப்பிடியைத் தாங்குவதற்கு அன்று. பால்ரஸ் குண்டுகளுக்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே அதன் பணி.

உயரத்தை மாற்ற, முதலில் உச்சி மூடியைக் கழற்றிப் பின் தண்டின் பக்கத்திலுள்ள இரு போல்ட்டுகளையும் ஆலன் சாவியால் தளர்த்த வேண்டும். முன்சக்கரம் தரையில் ஊன்றியிருக்கட்டும். வண்டியைத் தூக்கினால் முன்கவை நழுவிக் கீழே விழுந்துவிடும். தண்டை உருவி, இடைவளையங்களை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ மாற்றி மீண்டும் பொருத்த வேண்டும். திருப்புக்குழலின் நுனி, தண்டின் அல்லது மேல்வளையத்தின் விளிம்புக்கு ஏறத்தாழ 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இல்லையெனில் மூடி குழலிலேயே முட்டிக்கொள்ளும், குண்டுகளுக்கு அழுத்தம் போய்ச்சேராது. பின்னர் உச்சி போல்ட்டை ஆட்டம் மறையும்வரை மட்டும் இறுக்கி, கைப்பிடியை நேராக்கி, கடைசியாகப் பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இவ்வரிசை மாறக் கூடாது. பக்க போல்ட்டுகளை இறுக்கியபின் உச்சி போல்ட்டை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது, போல்ட்தான் கெடும்.

முகத்தகட்டிலுள்ள நான்கு போல்ட்டுகளையும் குறுக்கு முறையில் இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்குமாறு பார்க்க வேண்டும். சில தண்டுகளில் மேல் இடைவெளி இல்லாதவாறே வடிவமைத்திருப்பர். அதைத் தண்டிலேயே குறித்திருப்பர். இறுக்க அளவு பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். தண்டில் பொறித்துள்ள எண்ணே இறுதியானது. இவ்வளவு குறைந்த இறுக்கத்துக்கு நீண்ட ஸ்பேனர் தேவையில்லை. பலம்கொண்ட மட்டும் திருகுவது அலுமினியத்தில் மரையை உரித்துவிடும்.

சோதனைகள் இரண்டு. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, மற்றொரு கையால் தலைக்குழலின் மேற்கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் ஆட்டம் தெரியும். அடுத்து, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு கைப்பிடியை மிதமான விசையுடன் முறுக்கியும், உறைகளின் மேல் உடல் எடையை ஊன்றியும் பார்க்க வேண்டும். எதுவும் நழுவக் கூடாது.

திரும்பிப் பூட்டிய முன்கவை

கைப்பிடி பற்றிய முறையீடுகளில் சில உண்மையில் கைப்பிடி பற்றியவை அல்ல. பகுதிகளாக வந்திறங்கும் வண்டிகளை அவசரமாகப் பூட்டும்போது, முன்கவை பின்முன்னாகத் திரும்பிய நிலையிலேயே கைப்பிடி பொருத்தப்பட்டுவிடுவது உண்டு. குலுக்கல் தாங்கிக் கவை உள்ள வண்டிகளில் இரு பக்கமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் இத்தவறு எளிதில் நிகழ்கின்றது. மேலே சொன்ன 26 அங்குல வண்டியில் கவை திரும்பியிருந்தால், பின்னிழுவைத் தொலைவு 73 மி.மீ. இலிருந்து ஏறத்தாழ 154 மி.மீ. ஆக, இரு மடங்குக்கும் மேலாகிவிடும். வண்டி கனமாகத் திரும்பும், திரும்பும்போது கால்விரல் முன்டயரில் இடிக்கும், பிரேக் தவறான பக்கத்தில் அமையும். இதனைக் கண்டறிவது எளிது. முன்சக்கர அச்சு, கவையின் நடுக்கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். வளைவுப் பிரேக் பொருத்திய வண்டியில் அப்பிரேக் வண்டியின் முன்புறம் நோக்கியிருக்கும். வட்டுப் பிரேக்கெனில் அதன் கவ்வி, பெரும்பாலான கவைகளில் இடப்புறக் காலின் பின்பக்கத்தில் இருக்கும்.

பள்ளி மாணவர் வண்டிகள்

தமிழ்நாடு அரசு 2001-2002 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கென விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியருக்கு அது விரிவாக்கப்பட்டது. ஒரே வகுப்பில் உள்ள மாணவரிடையே உயர வேறுபாடு ஓர் அடிக்கும் மேல் இருக்கலாம். ஆயினும் சட்டகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே இருக்கையும் கைப்பிடியுமே அவ்வண்டியை அவரவர்க்குரியதாக ஆக்கும் வழிகள் ஆகும். இவ்வண்டிகள் மலை வண்டிகள் அல்ல என்றாலும் செருகுவகைத் தண்டு பற்றி மேலே கூறிய அனைத்தும் இவற்றுக்கும் பொருந்தும்.

குட்டையான மாணவி ஒருவர் இருக்கையை அடிமட்டம் வரை தாழ்த்திவிட்டுக் கைப்பிடியை மட்டும் வந்தபடியே விட்டால், தோள்கள் உயர்ந்து கைகள் நீண்டு, பிரேக்கை முழுதும் பிடிக்க இயலாமற் போகும். கைப்பிடியை இரண்டு விரற்கடை தாழ்த்துவதும், நெம்புகோலை விரல் எட்டும் கோணத்துக்குச் சுழற்றுவதும் எந்தத் தெருமுனைச் சைக்கிள் கடையிலும் ஒரு ஸ்பேனரைக் கொண்டு சில நிமிடங்களில் முடியும் வேலை. நெம்புகோலிலுள்ள சிறு திருகைத் திருப்பி அதனைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரும் வசதி பல கம்பிவடப் பிரேக்குகளில் உண்டு. அதைத் திருப்பியபின் கம்பிவடத்தின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழுந்து வளைந்த கைப்பிடியை இரும்புக் குழாய் செருகி நிமிர்த்துவது இக்கடைகளின் பழைய கைவேலை. எஃகுக் கைப்பிடி ஒருமுறை இவ்வாறு நிமிர்வதைப் பெரும்பாலும் தாங்கும். அலுமினியக் கைப்பிடி தாங்காது. அது நிமிர்ந்ததுபோலத் தோன்றினாலும் வளைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும். கைப்பிடி எவ்வுலோகம் என்பதை ஒரு காந்தத் துண்டை வைத்து அறியலாம். ஒட்டினால் எஃகு.